இருபத்தொரு நாள் கெடு

2025 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்க அதிபர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். இந்தியப் பொருள்கள்மீது ஏற்கெனவே அறிவித்திருந்த 25 சதவீதக் கூடுதல் வரியின்மேல் இன்னொரு 25 சதவீதம். இருபத்தொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 27 முதல் அது நடப்புக்கு வரும். அந்த இருபத்தொரு நாளின் நடுவில் நான் திருப்பூருக்குப் போய் இறங்கினேன். ஒரு பின்னலாடை கம்பெனியில் சரக்கு பெட்டியில் அடுக்கப்படுவதைப் பார்த்துவிட்டு, அதே சரக்கோடு லாரியில் தூத்துக்குடி துறைமுகம்வரை போவதென்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தேன். ஓர் ஊர் உலகத்தோடு வியாபாரம் செய்வது எப்படி நடக்கிறது என்பதைச் சாலையில் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. வரி அறிவிப்பு குறுக்கே வந்ததும், "இப்ப எதுக்குங்க வர்றீங்க, நாங்களே தலையப் பிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார் முதலாளி. பிறகு அவரே, "சரி வாங்க, இதையும் ஒருத்தர் பாக்கட்டும்" என்றார்.

அவிநாசி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் அவருடைய கம்பெனி. அறுபதை நெருங்கும் வயது. கட்டிங் மேசையில் கைவேலை கற்று, மூன்று பங்காளிகளோடு நாலு மிஷின் போட்டுத் தொடங்கியவர். திருப்பூரில் இந்த வரலாறு அபூர்வமானதில்லை. விவசாயக் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள் கூட்டுச் சேர்ந்து முதலாளிகளான ஊர் இது. 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் ஐரோப்பிய வணிகர்கள் வெள்ளை டீ-சர்ட்டுக்காக இங்கே வரத் தொடங்கினார்கள். 2025 நிலவரப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி. இந்தியாவிலிருந்து வெளியே போகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு.

அவர் அறைச் சுவரில் பெரிய அட்டவணை ஒன்று தொங்கியது. மெர்ச்சன்டைசர்கள் அதை 'டி.என்.ஏ. சார்ட்' என்கிறார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரிசை. நூல் வரும் நாள், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங், ஷிப்மென்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, தப்பிப்போன தேதிகளுக்குச் சிவப்பு வட்டம். "தேதி தப்புச்சுன்னா துணி எத்தனை சுத்தமா இருந்தாலும் தள்ளுபடி கேப்பாங்க. ரொம்பத் தப்புச்சுன்னா விமானத்துல அனுப்புன்னுருவாங்க. அந்தச் செலவு நம்ம தலைல. ஒரு ஆர்டர் விமானத்துல போச்சுன்னா அந்த சீசன் லாபம் போச்சுங்க."

திருப்பூர்ச் சரக்கு பெரும்பாலும் எஃப்.ஓ.பி. விலையில் விற்கிறது. கப்பலில் ஏறும்வரை பொறுப்பு விற்பவருடையது, ஏறியபின் வாங்குபவருடையது. கப்பலை ஏற்பாடு செய்வதும், போய்ச்சேரும் நாட்டில் சுங்கவரி கட்டுவதும் வாங்குபவர். தாளின்படி பார்த்தால் அமெரிக்க வரிக்கும் திருப்பூருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனாலும் ஆணை வந்த மறுநாளே அமெரிக்க பையர்களிடமிருந்து இவருக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிட்டன. ஒருவர் வரியில் பாதியை ஏற்றுக்கொள்ளச் சொன்னார். ஒருவர் தைத்துமுடித்த சரக்கை அனுப்பாமல் நிறுத்திவைக்கச் சொன்னார். இன்னொருவர் அடுத்த சீசனுக்கான சாம்பிள் வேலையை மறு அறிவிப்புவரை ஒத்திவைத்தார்.

அவர் ஒரு துண்டுத்தாளில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். பருத்தி டீ-சர்ட் ஒன்றின் விலை 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதற்கு வழக்கமான வரியே 16.5 சதவீதம், அதாவது அரை டாலர். கூடுதலாக 50 சதவீதம் என்றால் ஒன்றரை டாலர். ஆக 3 டாலர் சட்டைக்கு 2 டாலர் வரி. அதே சட்டை வியட்நாமிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ போனால் கூடுதல் வரி அப்போது 20 சதவீதம்தான். மொத்தம் 1 டாலர் 10 சென்ட் கட்டினால் போதும். இடையில் நிற்பது 90 சென்ட், சட்டை விலையில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம். "எனக்கு ஒரு பீஸுல நிக்கறது அஞ்சுல இருந்து எட்டு பர்சன்ட். முப்பதை எதுலீங்க கழிப்பேன்?" என்று பேனாவை மூடிவைத்தார்.

எதில் கழிப்பார் என்பதற்கான பதில் தெருவில் இருந்தது. திருப்பூரில் ஒரு சட்டை ஒரே கூரையின்கீழ் உருவாவது குறைவு. நூல் ஒரு மில்லிலிருந்து வரும். இன்னொருவருடைய ஷெட்டில் வட்ட மிஷினில் துணியாகும். அது டெம்போவில் சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஆளுக்கொரு தெரு. தையலில் ஒரு பகுதி கம்பெனியிலேயே நடக்கும், மீதி பவர் டேபிள்காரர்களிடம் போகும். வீட்டின் முன்கூடத்தில் பத்து, பதினைந்து ஓவர்லாக், பேட்லாக் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டெலிவரி சலான், ஒரு கடன், ஒரு தவணை. இத்தனை சிறு கைகளை ஒரே தேதிக்குள் கோத்துக் கொண்டுவருவதுதான் திருப்பூரின் நிர்வாகத் திறமை. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நெருக்கடி வரும்போது அதே அமைப்பின் இன்னொரு குணமும் வெளிப்படுகிறது. பையர் முதலாளிக்குத் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தருகிறார். முதலாளி வங்கியில் பேக்கிங் கிரெடிட் வாங்கித் தாக்குப்பிடிக்கிறார். அவர் ஜாப் ஒர்க்காரருக்கு அறுபது நாள் சொல்கிறார். ஜாப் ஒர்க்காரர் தையல்காரருக்கு நாள் சொல்ல முடியாது. வாரக்கடைசியில் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதனால் அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, வேலையைக் குறைப்பது.

செக்கிங் மேசையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பேசினேன். மதுரைப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்தவர், இருபது வருடப் பேச்சில் கொங்குத் தமிழ் படிந்திருந்தது. "ஒன்றரை ஷிப்ட்டு பாத்துக்கிட்டு இருந்தமுங்க. இப்ப ஒரு ஷிப்ட்டுதான். ஓ.டி. நின்னு போச்சுங்க. எட்டு மணி நேரச் சம்பளத்துல வாடகையும் பையன் பீசும் கட்டிட்டா அப்புறம் என்னங்க மிஞ்சும்?" பக்கத்து மேசையில் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் துர்கா பூஜைக்குப் போவதை முன்னாடியே வைத்துக்கொள்ளலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனில் கையெழுத்தான ஒரு தாள் பத்தே நாளில் இவர்கள் ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டைத் தொட்டுவிட்டது. மிகப் பெரிய முடிவுக்கு மிகச் சிறிய வருமானக்காரர்கள் முதல் ஆளாகப் பணம் கட்டுகிறார்கள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கும் பொறுக்காது.

மாலையில் நொய்யல் பாலத்துக்குப் போனேன். இந்த ஆற்றைப் பார்க்காமல் திருப்பூரின் ஏற்றுமதியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. சாயத்தண்ணீர் பல்லாண்டுகள் இதில்தான் ஓடியது. பாசனத்துக்காக 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. கீழே இருந்த விவசாயிகள் நிலத்தையும் கிணற்றையும் இழந்து வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பிறகு திரும்பத் திறந்த பட்டறைகள், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறின. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரைச் சவ்வுகளில் வடிகட்டுகிறார்கள், மிஞ்சும் உப்புக்கரைசலைக் காய்ச்சுகிறார்கள், மீண்ட தண்ணீரையும் உப்பையும் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். உலகத்தில் இத்தனை பெரிய துணி ஊர் ஒன்று இப்படி மாறியது பெருமைக்குரிய காரியம். ஆனால் காய்ச்சுவதற்கு விறகும் மின்சாரமும் வேண்டும். எதற்கும் உதவாத கலப்பு உப்பு கடைசியில் மூட்டை மூட்டையாகக் கிடங்கில் குவிகிறது.

இந்தச் செலவு சட்டையின் விலையில் சேர்கிறதா என்று முதலாளியிடம் கேட்டிருந்தேன். "சான்றிதழ் கேப்பாங்க, ஆடிட் வருவாங்க. 2013ல வங்கதேசத்துல ராணா பிளாசா இடிஞ்சு ஆயிரத்துச் சொச்சம் பேர் செத்தாங்கல்ல, அதுக்கப்புறம் கட்டடம், தீயணைப்பு, படிக்கட்டு அகலம் எல்லாம் பாக்கறாங்க. பாக்கட்டும், நல்லதுதான். விலை பேசறப்ப மட்டும் சுத்திகரிப்பு இல்லாத ஊரு விலையத்தான் பக்கத்துல வெச்சுப் பேசுவாங்க." இதில் நான் அவர் பக்கம். ஆற்றைக் காப்பாற்றிய ஊருக்கும் காப்பாற்றாத ஊருக்கும் ஒரே விலை கொடுக்கும் கடைக்காரர், ஆற்றின் பெயரைச் சட்டையின் சீட்டில் அச்சிட்டுக்கொள்ள உரிமையற்றவர்.

கிடங்கில் இரண்டு அடுக்குகள் இருந்தன. ஒன்று அமெரிக்காவுக்கு, பையர் சொன்னபடி நின்றுபோனது. மற்றது இங்கிலாந்துக்கு, அன்றிரவு கிளம்பப்போவது. அமெரிக்கப் பெட்டிகளில் கடையின் பெயர், விலைச்சீட்டு எல்லாம் ஒட்டியாகிவிட்டது. ஆர்டர் ஒரேயடியாக ரத்தானால் சீட்டைப் பிரித்து உள்ளூர்க் காதர்பேட்டைக் கடைகளுக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளவேண்டியதுதான். இங்கிலாந்துச் சரக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. அது நடைமுறைக்கு வந்ததும் இந்திய ஆடைக்கு அங்கே உள்ள வரி நீங்கிவிடும். வங்கதேசம் அங்கே வரியில்லாமல் விற்றுவருகிறது. இனி அதோடு சமமாக நிற்கலாம். "ஆனா ஒரு பையரை விட்டு இன்னொரு பையருக்கு மாறறது பஸ் மாறற மாதிரி இல்லீங்க. சைஸ் வேற, துணி எடை வேற, டேஸ்ட் வேற. சாம்பிள்ல இருந்து தொடங்கி மொத ஷிப்மென்ட்டுக்கு வர ஒரு வருசம் ஆயிரும்."

இரவு பத்து மணிக்குமேல் டிரெய்லர் கிளம்பியது. நாற்பதடிப் பெட்டி, கதவில் மின்னணு முத்திரை. டிரைவர் விளாத்திகுளம் பக்கத்துக்காரர். என்னை அண்ணாச்சி என்றே கடைசிவரை கூப்பிட்டார். தாராபுரம் சாலையில் ஆடிக்காற்று இன்னும் ஓயவில்லை. இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவற்றில் சில திருப்பூர்க் கம்பெனிகளுடையவை, மின்கட்டணத்தைச் சமாளிக்கப் போட்ட முதலீடு. ஒட்டன்சத்திரத்தில் அந்த நேரத்திலும் காய்கறி லாரிகள் சாலையை அடைத்து நின்றன. திண்டுக்கல் தாண்டித் தேநீர் குடித்தோம். டிரைவருக்கு ட்ரிப் கணக்கில் சம்பளம். "ரோட்டுல ஓட்டுறதுக்குத் துட்டு உண்டு அண்ணாச்சி. ஹார்பர் கேட்டுல நிக்கிறதுக்கு எவன் தாரான்? போன வாரம் அங்க ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நின்னேன். எல்லாரும் ஒரே நேரத்துல சரக்கைத் தூக்கிட்டு ஓடியாந்தா பின்ன எப்படி இருக்கும்?"

மதுரையைச் சுற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைச் சாலையில் ஏறியதும் வண்டி ஒரே சீராக ஓடியது. நான் தூங்கிப்போனேன். எட்டயபுரம் தாண்டி விழித்தபோது கரிசல்காட்டில் விடிந்துகொண்டிருந்தது. பிறகு தரை வெளுத்து உப்பளங்கள் தொடங்கின.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு 2011 முதல் வ.உ.சிதம்பரனாரின் பெயர். மிகப் பெரிய கொள்கலன் கப்பல்கள் இங்கே வருவதில்லை. சரக்கு ஃபீடர் எனப்படும் சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே தாய்க்கப்பலில் மாற்றியேற்றப்படும். கொழும்பு துறைமுகம் கையாளும் பெட்டிகளில் பெரும்பகுதி இப்படி மாற்றியேற்ற வருபவை, அவற்றிலும் பெரும்பங்கு இந்தியச் சரக்கு. திருப்பூர் சட்டை முதலில் பயணிக்கும் இந்தக் கடல்வழியில்தான் 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி கப்பல் விட்டது. பத்து லட்ச ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய். எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, கடைசியில் பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது. 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்த வரலாற்றைப் பள்ளியில் நாட்டுப்பற்றுப் பாடமாகப் படித்திருக்கிறேன். துறைமுகச் சாலையில் நின்று நினைத்தபோது அதன் கணக்கு உறைத்தது. நஷ்டத்தை அதிக நாள் தாங்கக்கூடியவன் விலையைக் குறைத்துக்கொண்டே போகலாம். 25 ரூபாய் பங்குதாரருக்கு அந்த நாள்கள் இல்லை. ராஜ்ஜியத்தின் காவல்துறையும் நீதிமன்றமும் பிரிட்டிஷ் கம்பெனியின் பக்கம் இருந்தன என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

சரக்கை அனுப்பும் ஃபார்வர்டிங் அலுவலகத்தில் ஆவணங்களைக் கவனிக்கும் பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். மேசையில் இரண்டு செல்பேசிகள், இரண்டும் அடித்துக்கொண்டே இருந்தன. ஆணையின் நுணுக்கத்தை அவர்தான் எனக்கு விளக்கினார். ஆகஸ்ட் 27க்கு முன் கப்பலில் ஏறிய சரக்குக்கு இரண்டாவது 25 சதவீதம் கிடையாது. ஆனால் செப்டம்பர் 17க்குள் அது அமெரிக்கச் சுங்கத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள்மீது ஹூதிகளின் தாக்குதல் தொடங்கியதிலிருந்து பெரிய கப்பல்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஐரோப்பாவுக்கே பத்து, பதினாலு நாள் கூடியிருந்தது. இங்கிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு, கொழும்பில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு மேல்.

"பேப்பர்ல இருபத்தொரு நாள் குடுத்திருக்காங்க சார். கடல்ல கணக்குப் போட்டா எங்களுக்கு ஒரு வாரம்கூட இல்ல. ஆகஸ்ட் பத்து, பன்னெண்டுக்குள்ள ஏறினாதான் போய்ச் சேரும். அதுக்கப்புறம் ஏத்தினவங்க எல்லாம் வேண்டுதல்ல ஏத்தினவங்க." அவருக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. அமெரிக்காவுக்குள் நுழைவதற்கு முந்தைய இறுதிப் போக்குவரத்தில் சரக்கு இருக்கவேண்டும் என்கிறது ஆணை. தூத்துக்குடியில் ஃபீடரில் ஏறிய நாளை ஒப்புக்கொள்வார்களா, கொழும்பில் தாய்க்கப்பலில் ஏறிய நாளைத்தான் பார்ப்பார்களா? அதைக் கேட்டு ஏற்றுமதியாளர்கள் காலையிலிருந்து போன் செய்துகொண்டிருந்தார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைப் பொறுமையாகச் சொன்னார்: பத்திரமாக இருக்கவேண்டுமானால் கொழும்புத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். இந்த அலுவலகங்களில் நடக்கும் வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒரு சொல்லின் பொருளுக்காகக் கோடிக்கணக்கான ரூபாய் சரக்கு காத்துநிற்க, சம்பளத்துக்கு வேலைபார்க்கும் ஒருவர் பதறாமல் ஒவ்வொருவராகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டாயிற்று.

எங்கள் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோவுக்குப் போவது. சுங்க அனுமதி கிடைத்து, ஃபீடரின் கட்-ஆஃப் நேரத்துக்கு முன்பாகவே உள்ளே போய்விட்டது. இனி கப்பல் ஏறியதும் அது வாங்கியவருடைய பொறுப்பு. பணம் வர இன்னும் மாதங்கள் ஆகும். அன்றைக்கு டாலர் 87 ரூபாயைத் தாண்டி நின்றது. ரூபாய் சரிந்தால் ஏற்றுமதியாளருக்குக் கொண்டாட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். திருப்பூர் முதலாளி தம் டாலரில் பாதியை முன்னமே ஒரு விலைக்கு வங்கியிடம் ஒப்பந்தம் செய்து வைத்திருந்தார். ஏற்றத்தில் கிடைக்கும் லாபத்தை விட்டுக்கொடுத்துத்தான் இறக்கத்துக்குக் காப்பு வாங்க முடிகிறது.

டிரைவருக்குத் திரும்புகாலில் பஞ்சுப்பொதி கிடைத்தது. திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்கு வெளிநாட்டுப் பருத்தி. அமெரிக்க வரியால் தள்ளாடும் துணித்தொழிலுக்குக் கைகொடுக்கும் விதமாக, இறக்குமதிப் பருத்தியின் 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை மத்திய அரசு தள்ளுபடி செய்திருந்தது. நூல்விலை திருப்பூரை எப்படி முறிக்கும் என்பதை ஊர் 2022இல் பார்த்துவிட்டது. அந்த மே மாதம் ஒரு கண்டி பருத்தி, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. நூல் விலையைக் கண்டித்துக் கம்பெனிகள் இரண்டு நாள் கதவடைத்தன. அதனால் இந்தத் தள்ளுபடியை எல்லோரும் வரவேற்றார்கள், விளைபொருள் விலை விழுமோ என்று அஞ்சிய பருத்தி விவசாயிகளைத் தவிர. அவர்கள் அச்சத்துக்கும் காரணம் உண்டு. அந்த வாதத்தில் எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது.

பஞ்சுக் கிடங்கு வாசலில் பொதிகளை எண்ணிக்கொண்டிருந்த மில் ஆளிடம், இனி நிறையப் பஞ்சு வருமா என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு பிரேசில்ல ஆர்டர் போட்டா, சரக்கு இங்க இறங்க அம்பது நாளாவது ஆகும் சார். செப்டம்பர் முப்பதுக்குள்ள எப்படி வரும்? ஏற்கெனவே கடல்ல இருக்கிறதுக்கும், பாண்டட் கிடங்குல கெடக்கிறதுக்கும்தான் இந்தச் சலுகை. இன்னும் ரெண்டு மூணு மாசம் நீட்டிச்சுக் குடுத்தா மில்லுக்குப் பிரயோஜனப்படும். அதைத்தான் சங்கத்துல எழுதிக் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

ஆகஸ்ட் 28 அன்று அரசு அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது.